மாமாவைப் பார்க்க வந்த மைக் அண்ணை

யாழ்ப்பாணக் குடாநாட்டில், அதுவும் நோயாளி படுத்திருக்கும் வீட்டில் நின்றுகொண்டு, ‘சுகமாயிருக்கிறார்’ என்ற சொல்லை ஒரு தடவைகூட வாயால் சொல்லாத மனிதர் இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எங்கள் வீட்டில் வேலை பார்த்தார். பெயர் மைக் அண்ணை. சொந்தப் பெயரை என் மனைவி வதனி கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். நான் கேட்கவில்லை. ஊரே ஒரு பெயரில் கூப்பிடும்போது எனக்கு மட்டும் எதற்கு இன்னொன்று.

இதன் அருமை வெளியாட்களுக்கு விளங்காது. எங்கள் பக்கத்தில் ‘சுகம்’ என்பது செய்தியல்ல, மரியாதை. யாராவது விசாரித்தால் சொல்ல வேண்டியது. வெளிநாட்டிலிருந்து விசாரித்தால் கட்டாயம் சொல்ல வேண்டியது. என் சித்தப்பா ஒருவர் கண்ணை மூடிய அன்று காலைவரை, லண்டனில் இருக்கும் மகளைப் பொறுத்தவரை சுகமாகத்தான் இருந்தார். அவரைப் பார்க்க வருவதாக நினைத்து அவள் அங்கே பெட்டி அடுக்கும்போதும் தகப்பனுக்குப் பிடித்த பிஸ்கற்றைத்தான் முதலில் வைத்தாளாம்.

நான் பண்டத்தரிப்பில் என் மனைவி வீட்டில் இருக்கும் மருமகன். சீதன வீட்டில் மருமகனுக்கு எவ்வளவு அதிகாரம் என்று இவ்விடத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் மோட்டரைப் போடலாம், நிறுத்தலாம். நாயைக் கூப்பிடலாம். மற்றதெல்லாம் மாமியின் கையில்.

மாமா வெங்காயமும் புகையிலையும் வைத்த மனிதர். தோட்டத்தில் நின்று கூப்பிட்டால் வீட்டுக் குசினிக்குக் கேட்கும் குரல். பாரிசவாதம் வந்து அவருடைய வலப்பக்கம் விழுந்தது. அதோடு பேச்சும் போய்விட்டது. நாங்கள் கதைப்பது எல்லாம் அவருக்கு விளங்கும். திருப்பிச் சொல்லத்தான் வாய் வராது. வதனி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், நான் கந்தோர் வேலைக்குப் போகிறேன், மாமிக்கு முழங்கால் வருத்தம். ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனன் ரூபன் அங்கிருந்தே விசாரித்து, யாழ்ப்பாண நகரத்திலுள்ள வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் மூலம் பகல்நேரத்துக்கு ஓர் ஆளை ஒழுங்கு செய்தான்.

வெள்ளை உடுப்போடு ஒரு பிள்ளை வருவாள் என்று மாமி எதிர்பார்த்திருந்தார். வந்தது அறுபது வயது மதிக்கத்தக்க, கதவை நிறைத்துக்கொண்டு நின்ற ஓர் ஆண்பிள்ளை. “வணக்கம் அம்மா, ஐயாவைப் பாக்க வந்திருக்கிறன்” என்றார். மாமி யாரோ பழைய தோட்டக்காரர் நோய் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதிரையைப் போட்டு, தேத்தண்ணியும் கொடுத்து, வருத்தம் வந்த கதை முழுவதையும் சொல்லி அழுதார். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேணியைத் தானே கழுவி வைத்துவிட்டு, “சரி அம்மா, கட்டில் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அப்போதுதான் மாமிக்கு விளங்கியது.

அதற்கு முதல் அவருடைய தொழில் ஒலிபெருக்கி. கீரிமலைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் அறிவித்தல் செய்தவர். பிறகு சொந்தத் தமையன் படுக்கையில் விழ, அவரைப் பார்த்துப் பார்த்தே இந்த வேலைக்குள் வந்து, முறையாகப் பயிற்சியும் எடுத்தாராம். தொழிலை விட்டாரே தவிர குரலை விடவில்லை. வீட்டுக்குள் சாதாரணமாகக் கதைத்தால் முற்றத்தில் நெல்லுக் கொத்தும் கோழி நிமிர்ந்து பார்க்கும்.

அறிவிக்காமல் அவர் மாமாவில் கை வைத்ததே கிடையாது. கட்டிலருகே குனிந்து, ஒரு கையை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொள்வார்.

“ஐயா அவர்களின் மேலான கவனத்துக்கு. இப்ப நாங்கள் இடப்பக்கம் திரும்பப் போறம். முதலிலை கை, பிறகு கால். அவசரம் ஒண்டும் இல்லை.”

முதல் இரண்டு மூன்று நாள் மாமா முறைத்துப் பார்த்தார். ஒருநாள் நல்ல கையால் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். மைக் அண்ணை கொலரைக் கொடுத்துக்கொண்டே அறிவித்தலை முடித்தார். எனக்கு இந்தக் கூத்தைப் பார்க்க எரிச்சல் வந்தது.

“ஏன் அண்ணை உப்பிடி? திருப்பிறதெண்டால் திருப்பிவிடுங்கோவன்.”

“தம்பி, கதைக்க ஏலுமான ஆளைச் சொல்லாமல் தொட்டால் ‘ஆரடா’ எண்டு கேப்பார். இவருக்குக் கேக்க ஏலாது. அப்ப நான்தானே முதல் சொல்லவேணும்.”

பதில் இல்லாத கதையைச் சொல்லும் ஆட்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. நான் மோட்டரை நிறுத்தப் போய்விட்டேன்.

பின்னேரம் நாங்கள் வீடு திரும்பும்போது வாசல் படலையடியில் நிற்பார். சயிக்கிளை விட்டு இறங்கமுன் அன்றைய அறிவித்தல் தொடங்கிவிடும். அதைக் கோயில் தமிழில்தான் சொல்லுவார்.

“குடும்பத்தவர்களின் கவனத்திற்கு. ஐயா அவர்கள் நீலக்கரை வேட்டி அணிந்துள்ளார். மதியம் அரைக் கோப்பை கஞ்சி அருந்தினார். முகத்தில் சற்றுச் சோர்வு தென்படுகின்றது. நேற்றும் இன்றும் வயிறு இளகவில்லை என்பதையும் இத்தால் அறியத் தருகின்றோம்.”

ஒழுங்கை முழுவதும் அறிந்துகொண்டது. அடுத்த நாள் காலை முன்வீட்டு ரீச்சர் ஒரு பப்பாப்பழத்தோடு வந்தார். பின்வளவுக்காரர் கதலி வாழைப்பழம் ஒரு சீப்புக் கொடுத்துவிட்டார். அதற்கடுத்த நாள் நான் கடையில் பாண் வாங்கும்போது கடைக்காரர் குனிந்து மெதுவாக, “போனவரோ?” என்று கேட்டார். போனார் என்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள்கூட மூச்சு விட்டார்கள்.

வதனிக்கு வெட்கம் தாங்கவில்லை. “அண்ணை, உதுகளை உள்ளை வந்து சொல்லக் கூடாதோ?”

“உள்ளை சொன்னால் ஐயாவுக்குக் கேக்கும் பிள்ளை. தன்ரை வயித்துக் கதையைத் தனக்கு முன்னாலை மற்றவை கதைச்சால் அவருக்கு எப்பிடி இருக்கும்?”

“இப்ப ஊருக்கெல்லோ கேக்குது.”

அவர் யோசித்தார். “அது என்ரை தொண்டையின்ரை பிழை” என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அறிவித்தல் கிணற்றடிக்கு மாறியது. மிகவும் அடக்கிச் சொன்னார். பக்கத்து வளவுக்கு மட்டும்தான் கேட்டது.

வேட்டிக் கரையின் நிறம் எல்லாம் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார்.

“கோயிலிலை பிள்ளை துலைஞ்சால் எங்களிட்டைத்தான் கொண்டுவருவினம் தம்பி. தொடக்கத்திலை நான், ‘ஒரு பிள்ளை எங்களிட்டைச் சுகமா நிக்குது, பெற்றோர் பயப்பிட வேண்டாம்’ எண்டு சொன்னனான். ஒருத்தரும் வரேல்லை. எல்லாரும் தங்கடை பிள்ளை வேறை எங்கையோ விளையாடுது எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டிட்டினம். பேந்து எங்கடை முதலாளி மைக்கைப் பறிச்சு வைச்சுக்கொண்டு ஏசினார். கண்ணாலை காணுறதைச் சொல்லடா எண்டார். சட்டை என்ன நிறம், அழுகுதோ, கையிலை என்ன வைச்சிருக்குது. அதைச் சொன்னால் தாய் ஓடி வருவாள் எண்டார். அண்டையிலை இருந்து நான் காணுறதைத்தான் சொல்லுறது.”

இவ்வளவு சொன்ன மனிதருக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு பெரிய கோளாறு நடந்தது. மைக் அண்ணை வந்ததிலிருந்தே மாமா காலைச் சாப்பாட்டுக்கு வாயைத் திறக்க மறுத்தார். கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மத்தியானம் கொஞ்சம் சாப்பிடுவார், காலையில் ஒன்றும் இல்லை. உடம்பு உருகத் தொடங்கியது. நிறுவனத்துத் தாதி வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் மூக்கால் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டிவரும் என்றாள். மாமி குசினிக்குள் போயிருந்து அழுதார். மைக் அண்ணை கிணற்றடியில் நின்று, “காலை உணவை இன்றும் மறுத்தார்” என்று சொல்லும்போது குரலில் தண்ணீர் வற்றியிருந்தது.

ஒரு பின்னேரம் அவர் கையை மூடி மைக் மாதிரிப் பிடித்து, மாமியின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“அம்மா, முந்தி ஐயா காலமை எழும்பினால் என்ன செய்வார்? கண் முழிச்சதிலை இருந்து சொல்லுங்கோ.”

மாமி முதலில் கூச்சப்பட்டார். பிறகு சொன்னார். “எழும்புவார். கிணத்தடிக்குப் போவார். குளிச்சுப்போட்டு வந்து விபூதி பூசி, கிழக்கைப் பாத்து ஒரு கும்பிடு. அது இல்லாமல் பச்சைத்தண்ணியும் வாயிலை வையார்.”

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஒழுங்குப்படி, முதலில் சாப்பாடு, அது செமித்த பிறகு உடம்பு துடைப்பது, அதன்பின் விபூதி. மைக் அண்ணை அந்த ஒழுங்கு தவறாமல் செய்துகொண்டிருந்தார். வாயில்லாத மனிதர் தன் ஒழுங்கைத் தவறவிடாமல் பட்டினி கிடந்திருக்கிறார்.

“உதை ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் படிச்சுப்போட்டு வந்த ஆள். ஏதோ முறை இருக்கும், நான் இடையிலை பூந்து கதைக்கக் கூடாது எண்டு இருந்தனான்.”

“நான் நினைச்சன், ஏதும் இருந்தால் வீட்டுக்காரர் சொல்லுவினந்தானே எண்டு.”

மறுநாள் காலை வெந்நீர்த் துவாயால் உடம்பைத் துடைத்து, விபூதியை அகலமாகப் பூசி, நல்ல கையை நெஞ்சில் வைத்துக் கும்பிடவிட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, பிறகு கரண்டியைக் கொண்டுபோனார். மாமா வாயைத் திறந்தார். மாமி கதவடியில் நின்று சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அன்று கந்தோருக்குப் பிந்திவிட்டது.

அதற்குப் பிறகு பின்னேரக் கூட்டம் கட்டாயமாகிவிட்டது. முதலில் அவர் சொல்லுவார். பிறகு, “நான் சொல்லிப்போட்டன், இனி நீங்கள் சொல்லுங்கோ” என்று கையை மூடிக்கொண்டு ஒவ்வொருவர் வாயாகக் கொண்டுவருவார். வெறுங்கைதான். ஆனால் அதைக் கண்டால் ஏதோ சொல்லவேண்டும்போல் இருக்கும். மாமிக்கு மைக் பிடித்துப்போய்விட்டது. மாமாவுக்கு முகத்தில் காற்றுப் படக் கூடாது என்றார். இடது காதைத் தொட்டால் பிடிக்காது என்றார். பிறகு, கலியாணம் முடித்த புதிதில் தன்னைத் தேருக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனதையும் சொன்னார்.

“அம்மா, உது வருத்தத்தோடை சம்பந்தமோ?”

“இல்லை. ஆனால் சொல்லவேணும்.”

என் முறை வந்தபோது, எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றேன். மூடிய கை அப்படியே என் வாயடியில் நின்றது. அது போகாது என்று கண்டதும் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். பின்னேரத்தில் மாமா கையால் கட்டிலைத் தட்டுவது நோவினால் அல்ல, மோட்டர்ச் சத்தம் கேட்கவில்லை என்றுதான். நான் மோட்டர் போடுகிறவன் என்பதால் எனக்குத் தெரியும், நான் பிந்தினால்தான் தட்டுவார். மைக் அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நோவு என்று நினைத்து அவர் அந்த நேரத்தில் கைகால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாராம். அடுத்த நாள் கட்டிலை யன்னல் பக்கம் நகர்த்தினோம். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மாமா தட்டாமல் படுத்திருந்தார். அந்த வீட்டில் என் சொல்லுக்கு ஒரு கட்டில் நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

இப்படிச் சில மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு மாமா உண்மையாகவே குறையத் தொடங்கினார். விபூதி பூசியும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கால்கள் வீங்கின. பகலிலும் நித்திரை. வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர், “இதயம் களைச்சுப்போச்சு. ஆசுப்பத்திரிக்கு ஏத்தி இறக்கி அலைக்காதேங்கோ. இருக்கிறமட்டும் நோகாமல் வைச்சிருங்கோ” என்றார். ஆவணிவரை இருப்பாரா என்று வதனி கேட்டாள். நாள் சொல்ல ஏலாது பிள்ளை என்று சொல்லிவிட்டு அவர் பையை எடுத்தார்.

ஆவணி என்று வதனி கேட்டதற்குக் காரணம் ரூபன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஆவணியில் குடும்பத்தோடு வருவதாக அவன் ரிக்கற் போட்டிருந்தான். டொக்டர் படலையைத் தாண்டியதும் மாமி சட்டம் போட்டார்.

“ரூபனுக்கு ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது. பிள்ளை அந்தக் குளிருக்குள்ளை வேலைக்கு ஓடுறான். இதைக் கேட்டால் உடைஞ்சுபோவான். ஆவணிக்கு வருவான்தானே.”

வீடியோவில் ரூபன் எடுக்கும் நேரத்துக்கு ஆயத்தம் நடக்கும். மாமி தலையணைகளை அடுக்கி மாமாவை நிமிர்த்துவார். தலை வாரி, விபூதி பூசி, வெளிச்சம் கன்னத்துக் குழியில் விழாத பக்கமாகப் போனைப் பிடிப்பார். கால்பக்கத்தைப் போன் காணவே காணாது. நானும் வதனியும் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும். எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இப்படி நடக்கிறது என்று வாசகர்களுக்கே தெரியும்.

அப்படி ஒருநாள் ரூபன் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, அப்பா மெலிஞ்சமாதிரிக் கிடக்கு.”

“வெய்யிலடா. இஞ்சை எல்லாரும் மெலிஞ்சுதான் கிடக்கிறம்.”

நான் என் வயிற்றை நினைத்து, கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“மைக் அண்ணை நிக்கிறாரோ? அவரிட்டை ஒருக்காக் குடுங்கோ.”

“அவர் வேலையா நிக்கிறார் ராசா.”

“நிக்கிறன் தம்பி” என்று அறையின் மூலையிலிருந்து குரல் வந்தது. தேர்முட்டிவரை கேட்கவென்று பழக்கிய குரலை மாமியால் மறைக்க முடியவில்லை.

மாமி போனுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினார். கையைக் கூப்பினார். மைக் அண்ணை போனை இரண்டு கையாலும் வாங்கி, மாமாவைத் தாண்டி, கிணற்றடிக்கு நடந்தார். மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். நாங்களும் போனோம்.

“ஐயாவைப் பாத்துப்போட்டுத்தான் சொல்லுறன் தம்பி. நேற்றிலை இருந்து ரெண்டு மூண்டு வாய்தான் உள்ளை போனது. கால் ரெண்டும் வீங்கியிருக்கு. பகலிலையும் நித்திரை. முழிச்சால் என்ரை முகத்தைப் பாக்கிறார், பேந்து எனக்குப் பின்னாலை வாசலைப் பாக்கிறார். டொக்டர் நாள் சொல்லேல்லை. ஆவணிமட்டும் இருப்பார் எண்டு என்னாலை சொல்ல ஏலாது. இருக்கமாட்டார் எண்டும் சொல்ல ஏலாது. நான் காணுறது இவ்வளவும்தான்.”

“சரி அண்ணை” என்றான் ரூபன். படம் அணைந்தது.

மாமி இவ்வளவு காலமும் மைக் அண்ணையோடு ‘நீங்கள்’ என்றுதான் கதைத்தவர். அன்றைக்கு அது மாறியது. “ஆரைக் கேட்டு என்ரை பிள்ளைக்குச் சொன்னனீர்? நாளைக்கு நீர் இஞ்சை வரத் தேவையில்லை.”

“ஓம் அம்மா” என்றார். உள்ளே போய், மாமாவின் காதருகே குனிந்து, அன்றைய வேலை முடிந்தது, போட்டு வாறன் என்று அறிவித்துவிட்டுச் சயிக்கிளை எடுத்தார். வதனி அழுதாள். நாங்கள் திருப்பி எடுத்தபோது ரூபனின் போன் வேலை செய்யவில்லை. மாமி பிடிவாதமாகச் சாப்பிடாமல் இருந்தார்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குச் சயிக்கிள் வந்தது. மாமி படலையைத் திறக்கவில்லை.

“உம்மை வரவேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்.”

“ஓம் அம்மா, கேட்டது. ஐயாவுக்கு இப்ப முகம் துடைச்சு விபூதி பூசுறது ஆர் எண்டு சொல்லுங்கோ, நான் போறன்.”

மாமிக்குக் குனிய ஏலாது. வதனி பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு நின்றாள். என்னை மாமி திரும்பிப் பார்த்தார், அந்த யோசனையை உடனே கைவிட்டார். படலை திறந்தது.

நான் அன்று கந்தோருக்குப் போகவில்லை. மைக் அண்ணை துவாயைப் பிழிந்து மாமாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருக்க, மாமி அறை வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். யாரும் மைக் பிடிக்கவில்லை. மாமி தானாகவே சொன்னார்.

“அண்டைக்குச் சண்டையாலை பாதை பூட்டியிருந்த காலம். என்ரை அம்மா கடைசியிலை கிடக்கிறா. என்ரை தம்பி ஜேர்மனியிலை, வதிவிடக் காட் இல்லாமல் அகதி முகாமிலை. ஆரோ அவனுக்குச் சொல்லிப்போட்டினம். வரவும் ஏலாது, அங்கை இருக்கவும் ஏலாது. தலையைச் சுவரிலை அடிச்சவனாம். கனகாலம் அவன் ஆளாயிருக்கேல்லை. அண்டைக்கு நினைச்சனான், இனி ஒரு பிள்ளைக்கும் இப்பிடிச் சொல்லக் கூடாது எண்டு.”

மைக் அண்ணை துவாயை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“உது எனக்குத் தெரியாது அம்மா. தெரிஞ்சிருந்தால் முதல் உங்களோடை கதைச்சிருப்பன்.”

“கதைச்சிருந்தால் நான் விட்டிருக்க மாட்டன்.”

“ஓம். அப்ப உங்களோடை சண்டை பிடிச்சுப்போட்டுச் சொல்லியிருப்பன்.” பிறகு மெதுவாகச் சொன்னார். “அண்டைக்குப் பாதை பூட்டு. சொன்னது அநியாயம்தான். இண்டைக்குத் தம்பி வரலாம். வாறதும் விடுறதும் அவரின்ரை விருப்பம். கலங்கட்டும் அம்மா. அவருக்கும் அப்பாதானே.”

மாமி எழுந்து குசினிக்குள் போய், முதல் நாள் பட்டினியையும் சேர்த்து முடித்துவைப்பதுபோல் புட்டு அவித்தார். மைக் அண்ணைக்கும் ஒரு கோப்பை வந்தது. அதைக் கொடுக்கும்போது, “சாப்பிடுங்கோ” என்றார். மத்தியானம் வதனி பள்ளிக்கூடத்திலிருந்து போன் எடுத்தாள். ரூபன் பழைய ரிக்கற்றை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்து, தனியே வெளிக்கிட்டுவிட்டானாம்.

அவன் வந்த காலையில் மைக் அண்ணை மாமாவுக்குச் சவரம் செய்து புதுச்சாரம் கட்டிவிட்டிருந்தார். வான் வாசலில் நின்றது. ரூபன் அறை வாசல்வரை வந்தான், அதற்கு மேல் கால் வரவில்லை. வீடியோ காட்டாத பக்கம் எல்லாம் அவனுக்கு முன்னால் கிடந்தது. மைக் அண்ணை மாமாவின் காதருகே குனிந்தார்.

“ஐயா அவர்களின் மேலான கவனத்துக்கு. கனடாவிலை இருந்து உங்கடை மகன் ரூபன் வந்திருக்கிறார். கறுத்த சேட்டு. தலை முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை. அழுதுகொண்டு நிக்கிறார்.”

மாமா கண்ணைத் திறந்தார். வாசலைப் பார்த்தார். நல்ல கை கட்டிலிலிருந்து மெல்ல எழும்பி, ரூபன் ஓடிப்போய்ப் பிடிக்கும்வரை அப்படியே நின்றது.

ரூபனுக்குத் தகப்பனைத் தொடவே பயம். முதல் தடவை கஞ்சி கொடுத்தபோது மாமா இருமினார், அவன் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். மைக் அண்ணை அவனைக் கூட்டிவந்தார். தலையணையை உயர்த்தக் காட்டினார், அரைக் கரண்டி போதும் என்றார், விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்க்கச் சொன்னார். கொடுக்க முதல் அறிவிக்க வேண்டும் என்றார். ரூபனுக்கு அந்தக் குரல் எல்லாம் வரவில்லை. “அப்பா, கஞ்சி” என்று மட்டும் சொன்னான். அறிவித்தல் என்று பார்த்தால் பாஸ் மார்க் தேறாது. மாமா வாயைத் திறந்தார்.

மாமா ஆவணியைக் காணவில்லை. ரூபன் வந்து சில கிழமைகளில் ஒரு காலை, அவன் கையைப் பிடித்தபடி போனார். மாமி கால்மாட்டில் இருந்தார். மைக் அண்ணை முப்பத்தோராம் நாள் கிரியைவரை வந்து எல்லா வேலையிலும் நின்றுவிட்டு, பிறகு வட்டுக்கோட்டைப் பக்கம் இன்னொரு வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு ஒழுங்கையில் இப்போது எது எது எல்லாருக்கும் தெரியுமோ, எனக்குத் தெரியாது.

எனக்கு நினைவில் நிற்பது அதற்கெல்லாம் முந்திய ஒரு பின்னேரம். ரூபன் வந்து நாலைந்து நாள் இருக்கும். கந்தோரால் வந்து படலையைத் திறக்கிறேன், கிணற்றடியில் அறிவித்தலுக்கு ஒருவரும் எழும்பி நிற்கவில்லை. வீட்டில் சத்தமும் இல்லை. சயிக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். உடுப்புத் தோய்க்கும் கல்லில் மைக் அண்ணை முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

“அண்ணை, ஐயா எப்பிடி?”

“எனக்குத் தெரியாது தம்பி.”

“என்ன, தெரியாதோ?”

“மத்தியானத்திலை இருந்து மகன்தான் பாக்கிறார். அவரிட்டைக் கேளுங்கோ.”

யன்னலுக்குள்ளால் ரூபனின் குரல் மெல்லக் கேட்டது. தகப்பனுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனை வருசமும் சொல்லாத கதைகளாக இருக்க வேண்டும், முடிகிறமாதிரி இல்லை. மைக் அண்ணை அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. சொல்லியே பழகிய மனிதர், அரை நாளாக ஒரு சொல்லும் சொல்லாமல், அவர்கள் கதைக்கட்டும் என்று வெளியே வந்து இருந்திருக்கிறார்.

நான் உள்ளே போகவில்லை. குசினியில் நானே தேத்தண்ணி போட்டு இரண்டு பேணியில் கொண்டுவந்து, அந்தக் கல்லில் அவருக்குப் பக்கத்தில் ஒதுங்கி இருந்தேன். எனக்கு இலகுவில் ஆட்களைப் பிடிக்காது, என் மனைவி வீட்டார் சாட்சி சொல்லுவார்கள். ஆனால் அன்று அந்தப் பெரிய உடம்பு சத்தமில்லாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்க்க, இவர் என் கூடப்பிறந்த அண்ணையாக இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது.